நாலாம் வசனத்தைக் காணோம்

பைபிள் விக்கிற கடையில வேலைன்னதும், நாள் பூரா பாட்டு முணுமுணுத்துக்கிட்டு சாந்த சொரூபியா உக்காந்திருப்பேன்னு நெனைச்சிராதீங்க. செருப்புக் கடையில 'கடிக்குது'ன்னு திருப்பிக் கொண்டு வருவாங்க. எங்க கடையில 'நம்ப முடியலியே'ன்னு கொண்டு வருவாங்க. மும்பை தாராவியில அண்ணாச்சி ஒருத்தரோட கடை. கவுண்டருக்குப் பின்னால நிக்கிறது ஜெயசீலிங்கிற நான். எந்த ஊர்ல, எந்தக் கவுண்டருக்குப் பின்னால நின்னாலும் நீங்க என் கட்சிதான், அதனால தைரியமா சொல்றேன்.

ஜிப்பு

வாங்க வர்றவங்க மொதல்ல பாக்கிறது ஆதியாகமத்தையும் இல்ல, வெளிப்படுத்தலையும் இல்ல. உறையில இருக்கிற ஜிப்பைத்தான். சர்ரு சர்ருன்னு இழுத்துப் பாத்துட்டுத்தான் உள்ள திறப்பாங்க. குர்லாவுல பட்டறை வச்சிருக்கிற ஒருத்தர் ஒரு நாள் வேர்த்து விறுவிறுத்து வந்தார். ட்ரெயின் நெரிசல்ல ஜிப்பு பிஞ்சிருச்சாம். "உள்ள இருக்கிற விஷயம்தாண்ணே முக்கியம்"னு நான் பெரிய பிரசங்கியார் கணக்கா ஆரம்பிச்சேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

"உள்ள இருக்கிறது ரெண்டாயிரம் வருஷம் தாங்கியிருக்கு தங்கச்சி, ஒங்க ஜிப்பு ரெண்டு மாசம் தாங்கலியே!"

சிவப்பு எழுத்து

செம்பூர்ல இருந்து ஒரு காலேஜ் பொண்ணு வந்தா. தமிழ் நல்லாப் பேசுவா, படிக்கச் சொன்னா தந்தியடிப்பா. அதனால இங்கிலீஷ் பைபிள் எடுத்துக் காட்டினேன். அதுல இயேசு பேசினதெல்லாம் சிவப்பு எழுத்து. "அப்படியே வார்த்தைக்கு வார்த்தை யாரு எழுதி வச்சாங்க?"ன்னு கேட்டா. கூட இருந்தவங்க பாத்தாங்க, கேட்டாங்க, மத்தவங்ககிட்ட சொன்னாங்க, பெறவு எழுதினாங்கன்னேன். பெறவுன்னா எப்பன்னு விடலை. "முப்பது, நாப்பது வருஷம் இருக்கும்மா"ன்னு சொல்றப்ப என் குரல் எனக்கே கேக்கல. அவ யோசிச்சா, போனைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"மத்லப், அதாவது, இது லைவ் ரெக்கார்டிங்கா, ஃபார்வர்டு மெசேஜா ஆன்ட்டி?"

ஜெராக்ஸ்

அடுத்தவர் மாட்டுங்கா மாமா. ரிட்டயர் ஆன ஆடிட்டர். காலையில கூட நடக்கிற சிநேகிதர் ஒரு கிறிஸ்தவராம். அதிசயமெல்லாம் நடந்ததா இல்லியான்னு ரெண்டு பேருக்கும் தினம் வாக்குவாதம். படிச்சுட்டே சண்டை போடலாம்னு மாமா ஒரு பைபிள் வாங்கிட்டுப் போனார். திரும்பி வந்தப்ப பக்கத்துக்குப் பக்கம் பென்சில் டிக்கு! "ஏம்மா, இயேசுவோட கல்லறைக்குப் போன பொம்மனாட்டிகள் எத்தனை பேர்? நாலு பேர் எழுதியிருக்கா, நாலும் டேலி ஆகலியே"ன்னார்.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. "எங்க சந்துல சிலிண்டர் வெடிச்சா நாலு பேரு நாலு விதமாத்தான் சொல்லுவாங்க சார். அதுக்காக சிலிண்டர் வெடிக்கலைன்னு ஆயிருமா?"ன்னேன். மாமா ஒரு நிமிஷம் அசந்துட்டார். நான் உச்சி குளுந்து போய் நிக்கிறேன், "சரி, ஒரிஜினலைக் காட்டு"ன்னார். ஒரிஜினல் இல்ல சார், காப்பியப் பாத்து காப்பி எழுதி வந்ததுதான்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சேன்.

"சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஜெராக்ஸோட ஜெராக்ஸை நான் பாஸ் பண்ணினதே இல்லம்மா!"

காணாமப் போன வசனம்

எங்க ஆளுகளுக்கு ஆளுக்கொரு வசனம் உண்டு. கஷ்டம் வந்தா அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவோம். எங்க சந்து ராஜகனி அக்கா பிடிச்சிருந்தது யோவான் அஞ்சாம் அதிகாரம், நாலாம் வசனம். பெதஸ்தா குளத்துல தேவதூதன் எப்பவாவது வந்து தண்ணியைக் கலக்குவான், கலக்கினதும் மொதல்ல இறங்குறவனுக்கு வியாதி தீரும்ங்கிற வசனம். அக்கா வீட்டுக்காரர் தோல் பட்டறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்துட்டார். மனுஷன் இனி நடப்பாரா மாட்டாராங்கிற கவலை. அக்கா என்ன செஞ்சா தெரியுமா? மொதல்ல இறங்குறவனுக்குத்தான் சுகம்னு போட்டிருக்கில்ல, ஆஸ்பத்திரி க்யூவுல தினம் விடியுமுன்னே போய் மொத ஆளா நின்னா! எவளாவது முந்தினா குழாயடிச் சண்டைதான்.

ஆபரேஷனுக்கு நாள் குறிச்ச வாரம், கண்ணு தெரியலைன்னு அவ மகன் எங்க கடையிலயே பெரிய எழுத்துல புது மொழிபெயர்ப்பு ஒண்ணு வாங்கிக் கொடுத்தான். மறுநாள் அக்கா தலைவிரி கோலமா கடைக்குள்ள வந்து அதைக் கவுண்டர்ல போட்டா. மூணாம் வசனம் இருக்கு, அஞ்சாம் வசனம் இருக்கு, நாலு இல்ல! அடியில பொடி எழுத்துல மட்டும் ஏதோ குறிப்பு. நான் அவசரமா பழைய மொழிபெயர்ப்பை எடுத்து, "இந்தா இருக்குக்கா"ன்னு விரிச்சுக் காட்டினேன். அக்கா ரெண்டையும் மாறி மாறிப் பாத்தா.

"ரெண்டும் நீ வித்ததுதானே ஜெயா, எது நெசம்னு நீயே சொல்லு."

டோட்டல்

நான் அந்தப் பொடி எழுத்துக் குறிப்பைக் கண்ணைச் சுருக்கிப் படிக்கப் பாத்தேன். அன்னைக்கும் சந்தேகம் கேக்க வந்து பக்கத்துல பென்சிலோட நின்ன மாட்டுங்கா மாமா, கேக்காமலே பதில் சொன்னார். "ரொம்பப் பழைய காப்பிகள்ல அந்த வரி இல்லம்மா. ஜனங்க ஏன் குளத்தண்டை காத்துண்டிருந்தான்னு புரியட்டும்னு யாரோ பின்னாடி சேத்திருக்கா." அக்கா அப்படியே ஸ்டூல்ல உக்காந்து முந்தானையை வாயில வச்சு அழ ஆரம்பிச்சுட்டா. கடையில இருக்கிறதுலயே கனமான பைபிளைத் தூக்கி மாமா தலையில போடலாமான்னு எனக்கு வந்துச்சு.

மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுது. "அழாதேம்மா, அழாதே. மேல படிச்சேன். அங்க முப்பத்தெட்டு வருஷமா ஒருத்தன் படுத்துண்டிருந்தானே, அவன் குளத்துல இறங்கினானோ?"

"எங்க இறங்க? இறக்கிவிட ஆளில்லன்னுதான சொல்லுதான்."

"அப்புறம் எப்படி எழுந்தான்?"

"இயேசு எந்திரின்னாரு, எந்திரிச்சுட்டான்."

மாமா ரெண்டு புஸ்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பென்சிலால தொட்டுத் தொட்டுப் பாத்தார். "இது ரெண்டுலயும் இருக்கு. நடந்துதான்னு என்னைக் கேக்காதே, அதை நான் இன்னும் பாஸ் பண்ணலை. ஆனா நாலாம் வரியை அடிச்சாலும் டோட்டல் மாறலைம்மா!"

அக்கா அழுகையை நிறுத்திட்டு வாயைத் திறந்தபடி அவரையே பாத்தா.

"அப்ப க்யூவுல முந்தி நிக்கணும்னு நான் ஊரோட மல்லுக்கட்டினதெல்லாம் வீணாய்யா?"

கையெழுத்து

ஆபரேஷன் அன்னைக்கு அவ வீட்டுக்காரர் பேரைக் கடைசியாத்தான் கூப்பிட்டாங்களாம். அக்கா ஒருத்திகிட்டயும் சண்டை போடலியாம். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாளாம்! பெறவு கொஞ்ச நாள் ஆளையே காணோம். ஒரு சனிக்கிழமை மாமா வாசல்ல நின்னு என்கிட்ட அடுத்த சந்தேகத்தை எடுத்து விடுறார், வெளிய 'டொக்கு டொக்கு'ன்னு சத்தம். வாக்கரை ஊணிக்கிட்டு, மூச்சு வாங்க, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்காரர் நடந்து வர்றார்! எனக்குக் கவுண்டரைத் தாண்டிக் குதிக்கலாம் போல இருந்துச்சு.

மாமா எக்ஸ்ரே இருக்கான்னு கேட்டார். பின்னாலயே வந்த அக்கா பையிலேர்ந்து உருவி, "ஒரிஜினல்!"னு நீட்டினா. அவர் அதை ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்து, "ஜோரா ஸ்க்ரூ போட்டிருக்கான். இது டாக்டர் கைவேலை. அதிசயம்னு எழுதி என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா"ன்னார். சொன்னாரே தவிர, எக்ஸ்ரேயைக் கீழ இறக்கவும் இல்ல, வாசலை விட்டு நகரவும் இல்ல.

"கையெழுத்த யாருய்யா கேட்டா? மனுசன் நடந்து வாராரு, வாசல மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

ரெண்டாயிரம் வருஷமா தீராத வழக்கை எங்க கடையில தீத்து வைக்க முடியாதுங்க. பழைய மொழிபெயர்ப்பு, புது மொழிபெயர்ப்பு ரெண்டும் கிடைக்கும், ஜிப்புக்கு மட்டும் நாங்க பொறுப்பில்ல.