மேல்தட்டுப் பெட்டிகள்

லெஸ்யாவுக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பால் வாங்கினால் மூன்று தடவை தேதி பார்ப்பாள். மருத்துவர் எழுதிய மாத்திரையை மருந்துக்கடையில் இன்னொரு முறை விசாரித்துவிட்டுத்தான் விழுங்குவாள். ஹார்லன் ஊரில் மாகாண அரசின் அவசரக்காலக் கிடங்கைப் பத்தொன்பது வருடமாகக் காத்துவந்தவள் அவள்தான். கொள்ளைநோய் வந்தால் கொடுக்கவென்று வாங்கிய முகக்கவசமும் கையுறையும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அத்தனை வருடமும் கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த மார்ச்சில் கேட்டார்கள். பனி இன்னும் உருகவில்லை, அதற்குள் புதுக் காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டது. அந்தக் கிடங்கை நம்பி மாகாணத்தில் நாற்பத்தொரு முதியோர் இல்லங்கள்; முதல் லாரி உள்ளூர் இல்லத்துக்கு. கிழவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் வேலையில் அவள் தங்கை மார்த்தா அங்கேதான் இருந்தாள்.

லாரிக்கு முந்தி ஒரு பெட்டி ஒட்டுத்தாள் வந்து இறங்கியது. கவசங்கள் காலாவதியாகி நான்கு வருடம். பழைய தேதியின் மேல் 'சோதித்தது, பயன்படுத்தலாம்' என்று ஒட்டச் சொன்னான் மேலதிகாரி டார்சி. போன வருடம் வந்தவன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். தேதியை மறைக்கிறவன் வேறு எதைத்தான் மறைக்கமாட்டான்? யாரோ பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது.

மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிப் பிரித்தாள். ஒரு கவசத்தை மாட்டி இழுத்தாள். பட்டை அறுந்து கையோடு வந்தது. பன்னிரண்டு பார்த்ததில் ஒன்பது அப்படியே. கூரை ஹீட்டர் குளிர்காலம் தவறாமல் ஊதி ரப்பரை மொறுமொறுப்பாக்கியிருந்தது.

அள்ளிக்கொண்டு போய் டார்சியின் மேசையில் கொட்டினாள்.

"இதத்தான் என் தங்கச்சி மூஞ்சில மாட்டணுமா? எங்க வச்சு சோதிச்சீங்க, கனவுலயா?"

டார்சி சிரிக்கவில்லை. வருடாவருடம் நடந்த சோதனைகளின் அறிக்கைகளை அவள் பக்கம் தள்ளினான். "நீங்களே படிச்சுப் பாருங்க."

பொய் எங்கே என்று வரிவரியாகத் தேடினாள். கையெழுத்து சரி, எண் சரி. மாதிரி எடுத்த இடம் மட்டும் எல்லா வருடமும் ஒன்றே: வாசலோரம், கீழ்த்தட்டு. அவளுக்கு முகம் சுட்டது. ஆய்வாளர் வரும்போதெல்லாம் அந்தக் குளிரில் பெட்டி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கிளப்ப அலுத்துப்போய், கைக்கெட்டிய அந்த அடுக்கையே காட்டி, காபியும் கொடுத்து அனுப்பியவள் அவள். ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன்மேல் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஹீட்டர் சூடு படாத கீழ்த்தட்டுச் சரக்கு ஒரே ஒரு இல்லத்துக்குத்தான் போதும். அது மார்த்தாவின் இல்லத்துக்குப் போயிற்று. மிச்சம் நாற்பது இல்லங்களுக்கும் கவசம் வராது என்று சொல்லும் வேலையை லெஸ்யாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் அழைப்பை எடுத்த பெண் சட்டென்று நம்பவில்லை. "வருசா வருசம் சோதிச்சுத்தானம்மா வச்சிருந்தாங்க?"

"ஆமாம்மா," என்றாள் லெஸ்யா. "சோதனைக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்."