வெள்ளி முளைத்ததும்

மாசி மாதம், வியாழக்கிழமை. மாலை 6.20க்கு மீரானிடமிருந்து போன் வந்தது.

அப்போது நான் குற்றாலத்துக்கு மேலே ஒரு தனியார் கிராம்பு எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மீரான் எங்கள் வாட்ச்மேன். தென்காசி டவுனில் பிறந்து, பதினோரு வருடம் சவுதியில் வேன் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். "அங்க ரோட்டுக்கு ரோடு போர்டு உண்டு அண்ணாச்சி. இங்க எல்லா மரமும் ஒரே மொகரையால்லா இருக்கு" என்று சிரிப்பார்.

அன்று மதியம் மேலே புல்வெளியில் தீப்பிடித்தது. எஸ்டேட் எல்லைக்கு வருகிறதா என்று பார்க்க அவரை அனுப்பியது நான்தான். புகை அவரைச் சூழ்ந்துகொண்டது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

"வழி தப்பிட்டேன் அண்ணாச்சி. சார்ஜ் ரெண்டு பர்சன்ட்தான் கெடக்கு."

"அசையாம ஒரு பாறையில இரும். வெள்ளி மொளச்சதும் அதப் பாத்தே எறங்கும். ரோட்டுக்கு வந்துருவீரு."

"வெள்ளிதான? சரி."

போன் அணைந்துவிட்டது.

நான் அச்சன்புதூர் வயல்காரன் மகன். எங்கள் வீட்டில் வெள்ளி முளைத்துவிட்டது என்றால் விடியப்போகிறது, தண்ணீர் பாய்ச்ச எழுந்திரு என்று அர்த்தம். வெள்ளி என்றாலே கிழக்கு. மீரான் நின்ற புல்வெளியிலிருந்து கிழக்கே இறங்கினால் ரோடு. மேற்கே செங்குத்தாக இறங்கும் பாறை.

இரவு தீயை அணைத்துக்கொண்டிருந்தோம். 7.35க்குக் காற்று திரும்பிப் புகை விலகியது. டைரியில் எழுதியிருக்கிறேன்: 'மேற்கே வெள்ளி, மிகத் தெளிவு.' எழுதும்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அதிகாலை 4.30க்கு டார்ச்சுடன் ரோட்டில் போய் நின்றேன். கிழக்கே பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. வெள்ளி இல்லை.

வெள்ளி சில மாதங்கள் விடியலில் கிழக்கே தெரியும், சில மாதங்கள் அந்தியில் மேற்கே தெரியும். இதைப் பல புத்தகங்களில் படித்தவன் நான். அந்த மாசியில் அது மேற்கே இருந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியிராத மீரானுக்கு, புகை விலகியதும் பளிச்சென்று தெரிந்ததுதான் வெள்ளி. காத்திருந்து, அதைப் பார்த்தே நடந்திருக்கிறார்.

காலை 10.10க்கு மேற்குப் பாறையின் அடியில் உடலைக் கண்டோம்.

அவருடைய தம்பியிடம், போனில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அப்போ அண்ணன் நீங்க சொன்னபடிதான் போயிருக்காவ."

புதிதாக எஸ்டேட் வேலைக்கு வருகிறவர்களுக்கு: வழி சொல்லும்போது திசையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டவரை அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மீரானும் திருப்பிச் சொன்னார், ஆனால் என் வார்த்தையில். விடிவெள்ளி என்பதுதான் முழுச்சொல். அதில் 'விடி'யை நான் சொல்லாமல் விட்டேன்.