கொங்டூரியிலிருந்து கீழே

முபஷ்ஷிராவுக்கு நாற்பத்தொரு வயது. ஆம்பூரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். தையல் மெஷினில் தொடங்கியவள், இப்போது முடிந்த சரக்கைப் பரிசோதிக்கும் மேசைக்குப் பொறுப்பாளி. பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் தடித்த ஆட்டுத்தோல் கையுறைகள் அவள் கைபட்டுத்தான் பெட்டிக்குள் போகும். மே மாத வெயிலில், கம்பளி வைத்துத் தைத்த கையுறைக்குள் கையை விட்டு ஐந்து விரலையும் மடக்கிப் பார்ப்பாள். பனியை மட்டும் அவள் பார்த்ததில்லை.

பக்கத்து மேசையில் ஹேமலதா. ஆலங்காயத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், ஏழு வயது இளையவள், எதற்கும் பயப்படாதவள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை நீட்டினாள். காஷ்மீரில் குல்மார்க் என்ற இடத்தில் புதியவர்களுக்கு இரண்டு வாரம் பனிச்சறுக்கு சொல்லித்தருகிறார்கள் என்று ஒரு வீடியோ.

"அக்கா, நம்ம கிளவுஸ போட்டுகினு இன்னாதான் பண்றாங்கன்னு ஒரு தபா பாத்துட்டு வர்லாமா?"

"பைத்தியமா உனுக்கு?" என்றாள் முபஷ்ஷிரா. ஆனால் அன்று மாலை வீட்டில் அவளேதான் பேச்செடுத்தாள். கணவர் நயீம் அகமது ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வேலூருக்குப் போய் வருவதையே பெரிய பயணமாக நினைக்கிறவர். வீடியோவை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"அங்க குளிரு ஜாஸ்தி. என்னால ஆவாது. நீ போய்ட்டு வா" என்றார்.

கல்லூரியில் படிக்கும் மகள் அலீனா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அம்மா விழுகிறதையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

அப்படித்தான் போன வருடம் ஜனவரியில் இருவரும் முதல் முறையாகப் போனார்கள். வாடகைக் கடையில் கொடுத்த கையுறையை முபஷ்ஷிரா போட்டுக்கொள்ளவே இல்லை. உள்பக்கத்தை வெளியே இழுத்துத் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டைவிரல்ல தையல பாரு, எப்பிடி இழுத்துக்கினு கீது."

"விடுக்கா. லீவுல வந்துக்கீறோம்."

சொல்லிக்கொடுக்க வந்தவன் இஷ்ஃபாக் என்ற இருபத்தாறு வயது காஷ்மீரி. முபஷ்ஷிராவின் ஆம்பூர் உருது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று சொன்னதும், அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தான். இரண்டாம் நாளிலிருந்து அவனும் 'நக்கோ' சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் உருதுவில் சொல்வதை முபஷ்ஷிரா தமிழாக்கி ஹேமலதாவுக்குச் சொல்வாள். கால்களில் மாட்டிய சறுக்குக்கட்டைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும் என்பது முதல் பாடம். முபஷ்ஷிரா அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஹேமலதா கீழே போயிருப்பாள்.

அந்த இரண்டு வாரமும் ஒரு மொட்டை மாடி சாய்ந்தாற்போன்ற சின்னச் சரிவில்தான் கழிந்தது. ஹேமலதா வில்லிலிருந்து விட்ட அம்பு போல் இறங்கி, ஏதாவது பனிக்குவியலில் போய் முட்டி நின்றாள். முபஷ்ஷிரா பயத்தில் இரண்டடிக்கு ஒருமுறை நின்றாள். திரும்பத் தெரியவில்லை, வேகம் வரவில்லை. எங்கே வேண்டுமானாலும் நிற்க மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

ஊருக்கு வந்த பிறகும் ஆசை அடங்கவில்லை. தொழிற்சாலையில் மூன்று மாடியையும் படியிலேயே ஏறி இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காட்டோரமாக இருந்த மண்சரிவுக்குப் போய், குறுக்காக நின்று, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து இறங்கிப் பழகினார்கள். அங்கே ஆடு மேய்க்கும் எல்லம்மா சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"இன்னாம்மா தொலைச்சிட்டீங்க?"

"ஒண்ணும் தொலைக்கலக்கா. பனில சறுக்குறதுக்குப் பழகுறோம்" என்றாள் ஹேமலதா.

எல்லம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்ல வெயில். "சரி, பனி வர்ற வரைக்கும் நான் குந்திக்கினு இருக்கேன்" என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவர்கள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில், ஏன் வரவில்லை என்று ஹேமலதாவின் தெருவரைக்கும் கேட்டனுப்பினாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் மறுபடியும் குல்மார்க். முதல் நாள் சின்னச் சரிவிலேயே விட்டான் இஷ்ஃபாக். இரண்டாம் நாள் அதைவிட நீளமான சரிவு. அங்கேதான் முபஷ்ஷிராவுக்குத் திரும்புதல் பிடிபட்டது. ஒரு காலில் எடையைப் போட்டால் கட்டை தானாகவே எதிர்ப்பக்கம் வளைந்து போனது. நம்பமுடியாமல் மறுகாலில் போட்டுப் பார்த்தாள். அதற்கும் வளைந்தது. அன்று மதியம் சாப்பாட்டுக்கும் கட்டையைக் கழற்ற மனமில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் இஷ்ஃபாக் மேலே கையைக் காட்டினான்.

"நாளைக்கு கொங்டூரி."

கேபிள் கார் முதலில் நிற்கும் இடம் கொங்டூரி. அங்கிருந்து பைன் மரங்களுக்கு நடுவே அடிவாரம்வரை சறுக்கிக்கொண்டே வரலாம். "நக்கோ" என்றாள் முபஷ்ஷிரா. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "உங்களால முடியும். முடியாதுன்னா நான் சொல்ல மாட்டேன்" என்று உருதுவில் நிதானமாகச் சொன்னான்.

மறுநாள் காலை மேலே இறங்கியபோது வானம் நீலமாக இருந்தது. கீழே குல்மார்க் கையகலத்துக்குத் தெரிந்தது. முபஷ்ஷிரா தலைத்துணிமேல் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டாள். முதல் பகுதி அகலமாகவும் மெத்தென்றும் இருந்ததால் மூவரும் பெரிய பெரிய வளைவுகளாக வந்தார்கள். பிறகு பாதை குறுகி, மரங்களுக்கு நடுவே சட்டென்று செங்குத்தாக விழுந்தது. பலர் சறுக்கிச் சறுக்கி அங்கே பனி கண்ணாடிபோல் ஆகியிருந்தது.

ஹேமலதா நிற்காமல் போனாள். இரண்டாவது திருப்பத்தில் கால் வாரி, மல்லாக்க விழுந்து, இருபதடி இழுத்துக்கொண்டு போய் நின்றாள். ஒரு கட்டை கழன்று தனியாகக் கிடந்தது. இஷ்ஃபாக் விரைந்துபோய்ப் பார்த்தான். அடி ஒன்றுமில்லை. ஆனால் கட்டையை மாட்டிக்கொடுத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, என்னால ஆவாதுக்கா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஹேமலதா அப்படிச் சொல்லி முபஷ்ஷிரா கேட்டதே இல்லை.

மேலே முபஷ்ஷிரா மட்டும் தனியாக நின்றாள். நிற்கத் தெரியும், அது அவளுக்கு நிச்சயம். கட்டைகளைப் பள்ளத்துக்குக் குறுக்காக வைத்தாள். பனியில் பதிந்த கட்டை ஓரத்தின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். பக்கவாட்டில் ஒரு முழம் இறங்கியது. அழுத்தினாள், நின்றது. தளர்த்தினாள், அழுத்தினாள். கரகரவென்று பனி சீவிக்கொண்டு வர, ஹேமலதாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எழுந்திரு. என் பின்னாடி வா. நான் திரும்புற எடத்துல திரும்பு."

"நீ முன்னாடி போறியா?"

"ஆமா. இன்னா இப்போ?"

இஷ்ஃபாக் ஓரமாக விலகி வழிவிட்டான். ஒன்று மட்டும் சொன்னான்: பயத்தில் உடம்பு மலைப்பக்கம் சாயும், சாயவிடாதீர்கள், பள்ளத்தைப் பார்த்துச் சாயுங்கள்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கே விழப் பயமோ அந்தப் பக்கமே நெஞ்சைக் கொடுக்க வேண்டும். முபஷ்ஷிரா பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். கட்டைகள் ஒரு நொடி நேராகப் பள்ளத்தைப் பார்த்தன, பிறகு இரண்டும் சேர்ந்து வளைந்து மறுபக்கம் பிடித்து நின்றன. திரும்பிப் பார்த்தாள். ஹேமலதாவும் அதே இடத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். இன்னொன்று. மறுபடி இன்னொன்று. ஆறாவது திருப்பத்தில் மரங்கள் விலகி, பாதை அகன்று, வெயில் முகத்தில் அடித்தது.

அதற்குப் பிறகு முபஷ்ஷிரா நிற்கவில்லை. காற்று காதில் இரைய, கட்டைகளை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து இறங்கினாள். எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. அடிவாரத்தில் போய் நின்ற பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தாள். பின்னாலேயே வந்த ஹேமலதா அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், கட்டைகள் சிக்கி, இருவரும் அங்கேயே விழுந்தார்கள். எழுந்திருக்க நேரமானது.

நயீம் அகமதுவின் ஃபோன் வந்தது.

"இன்னா, விழுந்தியா?"

"மேல விழல. கீழ வந்துதான் விழுந்தேன்."

"அப்போ பரவால்ல" என்றார். கடையில் அவர் யாரிடமோ அதைப் பெருமையாகச் சொல்வதும் ஃபோனிலேயே கேட்டது.

ஹேமலதா ஜாக்கெட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள். "அக்கா, இன்னோரு தபா போலாமா? இந்த வாட்டி நானு முன்னாடி."

"மெதுவா போவியா?"

"போவேன்."

அன்று நான்கு முறை ஏறி இறங்கினார்கள். மூன்றாவது முறை முபஷ்ஷிரா அந்தச் செங்குத்தில் நன்றாகவே விழுந்தாள். ஹேமலதா வீடியோ எடுத்து முடித்த பிறகுதான் கை கொடுத்தாள். ஐந்தாவது முறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனபோது கேபிள் காரை மூடிவிட்டிருந்தார்கள்.