வருஷத்துக்கா, மாசத்துக்கா?

நெட் பில்லை ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீயாம்.

பணத்தை எடுத்துக்கிட்டு மாடியிலேருந்து இறங்கினேன். கீழே ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி துணி காயப்போட்டுக்கிட்டிருந்தாங்க. சந்தோஷமா விஷயத்தைச் சொன்னேன்.

"சால் பர் கா மத் பரோ, பேட்டி. வருஷத்துக்கெல்லாம் கட்டாதே, மாசாமாசம் கட்டு"ன்னாங்க.

"ஏன் ஆன்ட்டி?"

உதறின துணியையே மறுபடி உதறினாங்க. "மெயின்லேண்டுலேருந்து என் பையன் குடும்பத்தோட வர்றான்."

இந்தத் தீவுல, குட்வில் எஸ்டேட் ஏரியாவுல, இதே வீட்டுல, ஒன்பது வருஷம் இருந்திருக்கோம்.

நேரா போய் ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டினேன். "ரெண்டு மாசம் ஃப்ரீயை விடுறீங்களே மேடம்"னு கவுண்டர்ல இருந்தவருக்குத்தான் ரொம்ப வருத்தம்.

மின்னி பே பக்கம் வாடகைக்கு வீடு இருந்தா சொல்லுங்க. நெட் வராட்டியும் பரவாயில்லை. வருஷத்துக்குக் கட்டலாம்னு ஓனர் சொல்லணும், அவ்வளவுதான்.