சவரிக்குப் பின்னால் நின்றவன்

நான் பொய்ச்சாட்சி சொன்னவன். சவரிமுத்துவின் முதுகு போனதை நேரில் பார்த்த நானே, அவனால் பாரம் சுமக்க முடியும் என்று மற்றவர்கள் நம்பும்படி செய்தேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது... தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் மேஸ்திரி. சவரி என்னிடம் மூட்டை சுமந்தவன். மழை பெய்த ஒரு காலையில், லாரியில் சாய்த்திருந்த பலகை வழுக்கி, நெல் மூட்டையோடு மல்லாந்து விழுந்தான். எழுந்து நடக்கவே பல மாதங்கள் ஆயின. அதன் பிறகு ஒரு குடம் தண்ணீர்கூட அவனால் தூக்க முடியவில்லை.

இழப்பீடு கேட்டு ஆலை முதலாளிமேல் வழக்குப் போட்டான். அவனுடைய சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதுதான் வழக்கு. கிடைக்கும் தொகையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைக்க நினைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் போர்வெல் மோட்டார் எரியாத நாள் உண்டா? உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். மச்சானிடம் வேலையும் கற்றுக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் மாதா திருவிழாவில் சவரிக்கு ஒரு பொருத்தனை. நடக்க வைத்தால் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதாக வேண்டியிருந்தான். எங்கள் ஊரில் உடம்புக்கு முடியாதவர் தோள் கொடுப்பது ஒரு தனி முறை. அவர் சப்பரத்தைத் தூக்கும் கம்புக்கு அடியில் தோளை வைத்து நடப்பார். பின்னால் நிற்பவர் கம்பைச் சற்றே உயர்த்தி, அவர் பங்குப் பாரத்தையும் தானே வாங்கிக்கொள்வார். வேண்டுதலும் நிறைவேறும், உடம்பும் நோகாது.

சவரிக்குப் பின்னால் நின்றவன் நான்.

“நீ சும்மா தொட்டுக்கிட்டு வாடா, நான் பாத்துக்கறேன்” என்றேன். கோயிலைச் சுற்றி வருவதற்குள் என் தோள் கன்றிப்போயிற்று. அன்று எனக்குத்தான் எவ்வளவு பெருமை!

யாரோ அதைச் செல்போனில் படம் எடுத்திருந்தார்கள். அது முதலாளியின் கைக்குப் போய், வழக்கிலும் வந்து சேர்ந்தது. படத்தில் சவரியும் அவன் தோள்மேல் கம்பும் தெரிந்தன. நான் அவனுக்குப் பின்னால் மறைந்திருந்தேன். அதை விளக்கத்தான் சவரி தரப்பில் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

“இவருக்குப் பின்னாடி யாரு நின்னாங்க?” என்று அவன் வக்கீல் கேட்டார்.

முதலாளி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். “ஞாபகம் இல்லைங்க” என்றேன்.

ஞாபகம் இல்லையாம்! தோளில் கன்றிய அந்த இடம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

சப்பரம் சுமந்தவனுக்குப் பெரிய பாதிப்பில்லை என்று முடிவாயிற்று. கிடைத்தது மருந்துக்கே போதவில்லை. கடை கனவாக நின்றது.

மேல்முறையீட்டில் வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. இந்த முறை நானாகவே சவரியின் வக்கீலைத் தேடிப் போனேன். போன மாதம் சாட்சிக் கூண்டில் ஏறி, பின்னால் நின்றது நான்தான், முன்பு சொன்னது பொய் என்றேன். அதற்காக என்மேல் நடவடிக்கை வரலாம், வரட்டும். ஆலை வேலை அன்றே போயிற்று. இப்போது ஓர் உரக்கடையில் இருக்கிறேன். தீர்ப்பு நல்லபடியாக வரும் என்கிறார் வக்கீல். சவரி கடைவீதியில் இடமே பார்த்து வைத்துவிட்டான். எனக்கும் நம்பிக்கையாகத்தான் இருக்கிறது.

அன்று சாட்சி சொல்லிவிட்டுக் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது சவரி சொன்னான்:

“மொதத் தடவ உங்கள சாட்சியா போடச் சொன்னதே நான்தாண்ணே. மொதலாளி ஆளு, வேணாம்னாரு வக்கீலு. கம்போட பாரம் என் தோள்ல எறங்கவே இல்ல, அது அண்ணனுக்குத் தெரியும், சொல்லுவாருன்னு நான்தான் அடம்புடிச்சேன்.”

கோபமாகச் சொல்லியிருக்கலாம் அவன்... சாதாரணமாகச் சொன்னான்.

பஸ் வந்தது. ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். மன்னித்துவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பஸ் படி உயரம். அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.