முகவரி இல்லாத மருந்து

“எவன் எவன் ரத்தத்தையோ ஏத்திக்கினு வந்து நிக்கிறியே... உன்ன எப்படிடி என் வூட்டுக்குக் கூட்டிக்கினு போறது?”

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கேட்ட கேள்வி. அப்பாவின் அக்கா. அவர் மகனுக்குத்தான் நான் என்பது எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் சம்மதம்தான்.

அவர் சொன்ன ரத்தம், உண்மையில் ரத்தமே இல்லை.

போன வருடம் வாயில் புண்ணாக ஆரம்பித்தது. அப்புறம் முதுகெல்லாம் கொப்புளம். அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மை இறங்கும் நாளெல்லாம் தாண்டியும் இது இறங்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிறேன். ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று எந்தப் பாகத்தையும் லைனில் விட்டதில்லை. என் உடம்பை மட்டும் விடுவேனா? தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நானே போனேன்.

பெம்பிகஸ் என்றார் டாக்டர். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்தத் தோலையே அடிக்கிறதாம். யாருக்கும் ஒட்டாது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள் — சர்க்கரை எகிறியது, கொப்புளம் அடங்கவில்லை. பிறகுதான் இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்து, சுத்தம் செய்த புரதம். மாதாமாதம் சில நாட்கள் படுத்து, மெதுவாக டிரிப்ஸில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நான்கைந்து முறை ஏறிய பிறகு முதுகு ஆறத் தொடங்கியிருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன்.

“எதுலேர்ந்து பிரிச்சா இன்னா? ரத்தம் ரத்தந்தானே” என்றாள். காலேஜில்கூட என்னை யாரும் இவ்வளவு சுருக்கமாகத் தோற்கடித்ததில்லை.

அத்தைக்குப் பயம் நோயைப் பார்த்து அல்ல. அந்த ஆயிரம் பேரும் என்ன ஆட்களோ... அதுதான். ஒரகடத்தில் செய்த காருக்கு எந்த ஊர்க்காரன், எந்த ஜாதிக்காரன் கை போல்ட் முடுக்கியது என்று யாராவது கேட்கிறோமா? மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஏறி உட்காருகிறோம். உடம்பில் ஏறும் மருந்துக்கு மட்டும் முகவரி கேட்கிறோம்.

டிரிப்ஸை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு வந்தால், ஆவணியில் நிச்சயம் — இது அத்தையின் தீர்ப்பு. மறுநாள்தான் எனக்கு அடுத்த சுற்று. பாதியில் விட்டால் புண் திரும்பிவிடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

“ஒரு மாசம் நிறுத்தித்தான் பாரேன்” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

அத்தை மகனுக்கு எல்லாவற்றையும் விளக்கி நீளமாக மெசேஜ் அனுப்பினேன். அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து தெரிந்தவன். ஒரே வரியில் பதில் வந்தது. ‘எங்கம்மா சொல்றத கேளேன்.’

வார்டில் எல்லோருக்கும் துணைக்கு ஒருவர் இருப்பார். பாத்ரூம் போக, டிரிப்ஸ் ஸ்டாண்டை நானேதான் உருட்டிக்கொண்டு போகிறேன். மருந்து ஏறினால் தலைவலி வரும், அது சகஜம். தலையைப் பிடித்துவிட ஆள் இல்லை என்பதுதான் பழகவில்லை. ‘கூட யாரும் வரலியாம்மா?’ என்று போன மாதம் நர்ஸ் அக்கா கேட்டபோது, அம்மா ஷிப்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அம்மா வேலைக்கே போவதில்லை.

படித்த பெண்ணுக்குத் தைரியம் அதிகம் என்கிறார்கள். இருக்கிறதுதான். ஆனால், பேச்சுத்துணைக்கு அது உதவாது.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, தண்டலம் பஸ் ஏறினேன். கட்டில் கிடைத்ததும் அத்தைக்கு போன் போட்டேன்.

“உன் புள்ளைக்கு வேற எடம் பாத்துக்க அத்தே. நான் அட்மிட் ஆயிட்டேன்.”

டிவி சத்தத்தோடு அத்தை போனை வைத்துவிட்டார்.

இந்தப் பத்தியை வலது கையால் மட்டும் டைப் செய்கிறேன்... இடது கையில் இரண்டாவது பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.