சந்து முனையில் நான்காவது வளைவு

மின்கேபிளுக்காக மண்ணுக்கடியில் பதிக்கும் குழாய் எத்தனை இடத்தில் வளைகிறது என்று எண்ணுவது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் வளைவண்ணன். நான்கு முழு வளைவுக்கு மேல் போனால் கேபிள் சிக்கிக்கொள்ளும், தோல் உரியும். ஆகவே நான்கு முடிந்ததும் ஒரு சேம்பர், அதாவது கேபிளை வெளியே எடுத்துப் பிடிக்க மூடி போட்ட குழி, கட்டியாக வேண்டும்.

அவர் குடியிருந்த சந்தில் முப்பத்தொரு வீடு. ஒன்றிலும் மின்சாரம் இல்லை. பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். வீடுகளுக்கு இணைப்பு பிரிவது சேம்பரிலிருந்துதான்; 'அருகில் சேம்பர் இல்லை' என்று ஒரே பதில். சேம்பர் ஏன் இல்லை என்று கேட்டால், இணைப்பே இல்லாத இடத்துக்கு எதற்குச் சேம்பர் என்பார்கள். இந்தச் செக்குமாட்டுப் புத்திக்கு நிர்வாகம் என்று பெயர்.

அவர் மனைவி தையல் வேலை செய்தாள். பொழுது சாயச் சாய, துணி அவள் கண்ணை நெருங்கிக்கொண்டே வரும்.

"ஃபேன் எல்லாம் வேணாங்க. ஒரே ஒரு பல்பு. அது எரியறதைப் பாத்துட்டே சும்மா உக்காந்திருப்பேன்."

போன வருடம் அந்தச் சந்தைத் தாண்டி, புது அடுக்குமாடிக்குக் குழாய் பதித்தார்கள். வரைபடத்தில் மூன்றே வளைவு, சேம்பர் தேவையில்லை. தோண்டினால், சந்து முனையில் மழைநீர்க் கால்வாய் குறுக்கே கிடந்தது. குழாயை அதன் அடியில் இறக்கி ஏற்றினார்கள். நான்கு அரை வளைவு கூடியது.

வளைவண்ணன் எண்ணினார். மொத்தம் ஐந்து. நான்காவது முடிகிற இடம் சந்து முனை. எண்ணுவது கண்ணா, ஆசையா? மறுபடி எண்ணினார். அப்போதும் நம்பிக்கை வராமல், குழாய் ஒட்டுகிற அக்காவைக் கூப்பிட்டார்.

"நான் வாயத் திறக்க மாட்டேன்க்கா. நீங்களே எண்ணிச் சொல்லுங்க."

"ஏன்டா தம்பி, ரிசல்ட் பாக்க வந்தவனாட்டம் முழிக்கிற?" பள்ளத்தின் ஓரமாகவே நடந்து போய்த் திரும்பினாள். "அஞ்சு. ஏன், தப்பா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் தாளை நீட்டினார். "அரை வளைவெல்லாம் கணக்குல வராதுய்யா. மூணுன்னு எழுதிக் கையெழுத்து போடு."

"ரெண்டு அரை சேந்தா ஒண்ணு சார்."

"உன் சந்துக்கு சேம்பர் வேணும். அதான் அஞ்சு. எனக்குத் தெரியாதா?"

"வேணும்தான் சார். பதினோரு வருஷமா வேணும். அதுக்காக நான் நாலை அஞ்சுன்னு சொன்னா கேபிள் கேக்குமா? நீங்க மூணுன்னு சொல்லிப் பாருங்க, அதுவும் கேக்காது."

அவர் கையெழுத்துப் போடவில்லை. சூப்பர்வைசர் வீம்புக்கு ஆறு பேரை விட்டு இழுக்கச் சொன்னார். கால்வாயைத் தாண்டியதும் கேபிள் நின்றது. நின்றது நின்றதுதான். நான்கு நாளில் சந்து முனையில் சேம்பர் வந்தது. மாதக் கடைசியில் அடுக்குமாடியில் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது.

சந்துக்காரர்கள் பன்னிரண்டாவது மனுவைக் கொடுத்தார்கள். எழுத்தர் பழைய பதிலை எழுதப் பேனா எடுத்து, யோசித்து, 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினார்.

அன்று மாலை வளைவண்ணன் மனைவியைச் சேம்பருக்கு அழைத்துப் போனார். அவள் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இங்கேருந்து நம்ம வீட்டுக்கு எத்தனை வளைவுங்க?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டுக்கா பதினோரு வருஷம்?" என்றாள். கையை எடுக்கவில்லை.